மூடும் கம்பெனியில் முதல் உரிமை வேலையாட்களுக்கே: பூச்சோங் கோரிக்கைச் சாசனம்

மனிதவள அமைச்சு, தொழில்முனைவோர் கூட்டுறவு மேம்பாட்டு அமைச்சு, மலேசியக் கூட்டுறவு ஆணையம், சிலாங்கூர் மாநில அரசு, சுபாங் ஜெயா மாநகர் மன்றம், வங்கிகள், தொழிற்சங்கங்கள், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆகியோரின் கவனத்துக்கு.

பூச்சோங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிற்சாலை, பட்டறை, அச்சகம், கிடங்கு என்று வேலை செய்து குடும்பம் நடத்தும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்கள் கோரிக்கையின் சாரம் ஒன்றுதான். ஒரு கம்பெனி நொடித்துப்போனால், அதன் இயந்திரங்களையும் ஆர்டர்களையும் பெயரையும் ஏலத்தில் விடுவதற்கு முன், அங்கே வேலை செய்தவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதை எடுத்து நடத்த முதல் உரிமை தர வேண்டும். அந்த உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். எழுதியதோடு நிற்காமல், அதைப் பயன்படுத்த எங்களுக்கு அவகாசமும் முதலும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

இந்த மண் ஏற்கெனவே பார்த்தது

பூச்சோங்கில் இன்று அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் முன்பு பால்மரங்கள் நின்றன, ஈயம் எடுத்தார்கள். காசல்பீல்ட், கின்ராரா என்ற பெயர்கள் இன்னும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இருக்கின்றன. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது லயத்தில் இருந்தவர்களைக் கேட்டு யாரும் விற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். இப்போது அந்தத் தொழிற்பேட்டைகளுக்கும் அதே நிலைமை வந்துகொண்டிருக்கிறது. நெடுஞ்சாலை வந்து, 2016இல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்தபின், சில இடங்களில் பட்டறையில் செய்யும் பொருளைவிடப் பட்டறை நிற்கும் நிலத்துக்குத்தான் மதிப்பு அதிகம். நிலத்துக்கு விலை ஏறிய இடத்தில் கம்பெனியைக் காப்பாற்ற முதலாளிக்கு அவசரம் இருக்காது.

இதற்கு முன்னால் ஒரு தலைமுறை பதில் சொல்லியிருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே இன்றும் முதியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வேலை போன அன்றே வீடும் போனது. துண்டாடலின் அளவையும் விளைவையும் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையிலான ஆய்வு விரிவாகப் பதிவு செய்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுத் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள் தங்கள் பணத்தைப் போட்டுத் தோட்டத்தையே வாங்கலாம் என்று இந்த நாட்டில் நடத்திக் காட்டியது அவர்கள்தான்.

அந்தச் சாதனையை மதிப்பவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டம் சங்கத்தின் சொத்தானது. ஆனால் தோட்டத்துக்குள் மானேஜர், கிராணி, கங்காணி என்ற பழைய ஏணி அப்படியே நின்றது. பங்குதாரராகவே இருந்தாலும் காலையில் பிரட்டுக் களத்தில் அவர் கூலிக்காரர்தான். நாங்கள் கேட்கும் கூட்டுறவில் சொத்தோடு சேர்த்து நிர்வாகமும் வேலை செய்பவர்களின் கைக்கு வர வேண்டும்.

சட்டம் இப்போது என்ன தருகிறது

ஆள்குறைப்பு செய்யும் கம்பெனி 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குத் தகவல் தர வேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு. வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும், இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். நீதிமன்ற உத்தரவில் அடமானச் சொத்து விற்கப்பட்டால், நான்கு மாதம் வரையிலான பாக்கிச் சம்பளத்தை அடமானக்காரருக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று 1955 வேலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனி கலைக்கப்படும்போது ஒவ்வொருவருக்கும் 15,000 வெள்ளி வரையிலான சம்பள பாக்கிக்கு 2016 கம்பெனிகள் சட்டத்தின் 527ஆம் பிரிவு முன்னுரிமை தருகிறது. 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் உதவித்தொகை வருகிறது. அதற்கான சந்தாவில் பாதி எங்கள் சம்பளத்திலிருந்து பிடித்ததுதான்.

இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. பல ஆண்டுப் போராட்டத்தில் வந்தவை. ஆனால் இவை அத்தனையும் எங்களைக் கடன்காரர் வரிசையில் நிற்க வைக்கின்றன. அந்தத் தொழிலை நடத்தத் தெரிந்தவர்கள் நாங்கள் என்பதை எந்தப் பிரிவும் கணக்கில் எடுக்கவில்லை.

2019 அக்டோபரில் பத்திரிகை நடத்திய உத்துசான் மெலாயு நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 800 பேர், பலர் மாதக்கணக்கான சம்பள பாக்கியோடு, வெளியே வந்தார்கள். எழுதத் தெரிந்தவர், பக்கம் கட்டத் தெரிந்தவர், அச்சடிக்கத் தெரிந்தவர், விநியோகிக்கத் தெரிந்தவர் எல்லோரும் அந்த 800 பேரில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பத்திரிகையின் பெயரை வேறொரு கம்பெனி எடுத்து மறுபடி வெளியிட்டது. பெயருக்கு மதிப்பு இருந்தது, வாசகர் இருந்தார்கள். அதை முதலில் எடுத்து நடத்துகிறீர்களா என்று அந்த 800 பேரிடம் கேட்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கேட்பவை

முதலாவது, அவகாசம். இப்போதைய 30 நாள் தகவல் தொழிலாளர் இலாகாவுக்குத்தான் போகிறது. அதை 90 நாளாக்க வேண்டும். அதே நாளில் வேலையாட்களுக்கும் அவர்களுடைய தொழிற்சங்கத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூடவே கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு, கடன் பட்டியல், இயந்திரங்களின் பட்டியல், கையிலிருக்கும் ஆர்டர்கள் ஆகியவற்றையும் தர வேண்டும். தகவல் கொடுத்த நாள் முதல் ஓர் அச்சைக்கூட வளாகத்தை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. இயந்திரம் லாரியில் ஏறிய பிறகு கிடைக்கும் எந்த உரிமையும் எங்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது, முதல் உரிமை. கலைப்பு அதிகாரியோ ரிசீவரோ நியமிக்கப்பட்டதும், வேலையாட்களின் கூட்டுறவு ஒரு திட்டத்தோடு வந்தால் 180 நாள் வரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அதுவரை கூட்டுறவு அங்கே வாடகைக்கு உற்பத்தியைத் தொடரலாம். 2018இல் நடைமுறைக்கு வந்த நீதித்துறை நிர்வாக ஏற்பாடு ஒரு கம்பெனிக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. ஆனால் அடமானம் வைத்திருக்கும் வங்கி எதிர்த்தால் நீதிமன்றம் அதற்கான மனுவைத் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்று 2016 கம்பெனிகள் சட்டத்தின் 409ஆம் பிரிவு சொல்கிறது. வேலையாட்களின் திட்டம் மேசையில் இருக்கும்போது வங்கியின் ஒரு வார்த்தையே முடிவாகிவிடக் கூடாது. நீதிபதி இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கட்டும்.

அர்ஜென்டினாவில் 2001 நெருக்கடியில் முதலாளிகள் கைவிட்டுப் போன தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் எடுத்து நடத்தினார்கள். நேவுகேன் மாநிலத்தின் சனோன் ஓட்டுத் தொழிற்சாலை அவற்றில் ஒன்று. வெளியேற்ற உத்தரவுகளைத் தாண்டி உற்பத்தியை நிறுத்தாமல் நடத்தி, 2009இல் மாநிலச் சட்டமன்றமே அதை அவர்களுக்காகக் கையகப்படுத்தும் நிலையை உருவாக்கினார்கள். 2011இல் அந்த நாட்டின் திவால் சட்டம் திருத்தப்பட்டது. தங்களுக்கு வர வேண்டிய சம்பள பாக்கியையும் இழப்பீட்டையும் விலையாகக் காட்டித் தொழிலாளர் கூட்டுறவு தொழிற்சாலையை வாங்கலாம் என்றானது. பத்தாண்டு தெருப் போராட்டத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த சட்டத்தை, போராட்டம் வெடிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தாருங்கள் என்கிறோம்.

மூன்றாவது, எங்கள் பாக்கியே எங்கள் முதல். கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் 20 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 400 நாள் சம்பளம் இழப்பீடாக வர வேண்டும். அது 22,000 வெள்ளிக்கு மேல். அப்படி 60 பேர் உள்ள பட்டறையில் 13 லட்சம் வெள்ளிக்கு மேல். அந்தத் தொகையை விற்பனை விலையில் கழித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். இழப்பீட்டுத் தொகைக்கும் சம்பள பாக்கி போன்ற முன்னுரிமை உண்டு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சட்டத்தில் எழுத வேண்டும். சேர விரும்பாதவர் தன் பாக்கியைக் காசாகக் கேட்டு வாங்கலாம். யாரையும் வற்புறுத்திப் பங்குதாரர் ஆக்கக் கூடாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அதிகாரிகள் கவனிக்க வேண்டும். 1980 விதிகளின்படி ஒரு தொழில் கைமாறும்போது, புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள் அதே நிபந்தனையில் வேலை கொடுத்து வேலையாள் ஏற்றுக்கொண்டால், பழைய சேவைக்காலம் புதியவரிடம் தொடரும். வேறொரு முதலாளி வாங்கும்போது இது நல்ல பாதுகாப்பு. வேலையாட்களின் கூட்டுறவே வாங்கினால் கதை மாறிவிடும். பழைய முதலாளி தர வேண்டிய இழப்பீடு மறைந்து, இருபது ஆண்டுச் சேவையின் பாரம் முழுவதும் எங்கள் சங்கத்தின் தலையில் ஏறும். நாங்களே எங்களுக்குக் கடன்பட்டவர்களாகத் தொடங்குவோம். வேலையாட்களின் கூட்டுறவு எடுத்துக்கொள்ளும் இடத்தில் பழைய முதலாளியின் பொறுப்பு அன்றோடு கணக்கிடப்பட்டு, அவருடைய சொத்திலிருந்தே தீர்க்கப்பட வேண்டும்.

நான்காவது, வேலைக் காப்புறுதிப் பணம். இன்று அது மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் தொகையாகக் கிடைக்கிறது. கூட்டுறவில் சேர்பவருக்கு மீதித் தொகை முழுவதையும் ஒரே தடவையில், பங்குப் பணமாகத் தர வேண்டும். இத்தாலி 1985இல் மார்க்கோரா சட்டத்தின் வழியாக இதைச் செய்தது. வேலையில்லாக் கால உதவியை மொத்தமாகப் பெற்றுத் தங்கள் தொழிற்சாலையை வாங்கத் தொழிலாளர்களுக்கு வழி திறந்தது. அவர்கள் போடும் பணத்தோடு சேர்த்து முதலிட ஒரு நிதி நிறுவனமும் அமைந்தது.

ஊழியர் சேமநிதியை மட்டும் யாரும் தொட வேண்டாம். மும்பை குர்லாவில் இருந்த கமானி டியூப்ஸ் தொழிற்சாலை 1985இல் மூடப்பட்டது. 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு அதை எடுத்தது. தொழிலாளிகள் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துப் போட்டார்கள். சில ஆண்டுகள் நன்றாகவே நடத்தினார்கள். 1990களில் அது மறுபடி விழுந்தபோது வேலையோடு முதுமைக்கான பணமும் போயிற்று. எங்கள் முதியவர்களை அந்த ஆபத்தில் நிறுத்த நாங்கள் தயாராக இல்லை.

ஐந்தாவது, நடப்பு மூலதனம். இயந்திரம் கிடைத்தாலும் மூலப்பொருள் வாங்க, முதல் மூன்று மாதச் சம்பளம் கொடுக்க, மின்சார வைப்புத்தொகை கட்டக் கையில் காசு வேண்டும். கூட்டுறவு ஆணையத்தின் சுழல் நிதியில் இதற்கென ஒரு தனிப் பிரிவு வேண்டும். பேங்க் ராக்யாட் கூட்டுறவு இயக்கத்தில் பிறந்த வங்கி, அதனிடமும் கேட்கிறோம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திடம் கேட்பதற்கு எங்களுக்குத் தனி உரிமை இருப்பதாக நினைக்கிறோம். பால்வெட்டியவர்களின் பத்து வெள்ளியில் வளர்ந்த சங்கம் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலையில் நிற்கிறார்கள்.

கேரளத்தில் கண்ணூரின் தினேஷ் பீடியைப் பாருங்கள். பீடித் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்கள் என்பதற்காக 1968இல் மங்களூர்க் கம்பெனிகள் கடையை மூடின. ஏறத்தாழ 12,000 பேருக்கு வேலை போயிற்று. 1969 பிப்ரவரி 15 அன்று கூட்டுறவு தொடங்கியபோது 3,000 பேர்தான் இருந்தார்கள். பங்கு இருபது ரூபாய், கையில் இருந்து ஒரு ரூபாய் போட்டால் மீதியை மாநில அரசு கடனாகத் தந்தது. 1980களில் அது 42,000 பேருக்கு வேலை தந்தது. புகையிலைக்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும் உணவுப் பொருள், குடை, ஆடை என்று திருப்பிக்கொண்டார்கள். அரசு கொடுத்தது கடன், தானம் அல்ல. எங்களுக்கும் கடன் போதும்.

ஆறாவது, உள்ளே எங்கள் குரல். மூணாறில் 2005இல் டாடா டீ விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவானது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பங்குகள் ஊழியர்கள் கையில். கொழுந்து கிள்ளுபவர்களில் பெரும்பாலானோர் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரில் பேச வந்த சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் விலக்கி வைத்து, ஒன்பது நாளில் இருபது விழுக்காட்டை வென்றார்கள். பங்குப் பத்திரம் வீட்டில் இருந்தும், தங்கள் கம்பெனியை எதிர்த்தே அவர்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. பூச்சோங்கில் அமையும் எந்தக் கூட்டுறவிலும் இது நேரக் கூடாது. நிர்வாக வாரியத்தில் மூன்றில் இரண்டு பேர் அங்கேயே வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். பெண்கள் அதிகமுள்ள இடத்தில் வாரியத்திலும் அவர்கள் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் யாருக்கும் வாரியத்தில் இடம் வேண்டாம். தொழிற்சங்கமும் கூட்டுறவுக்குள் தொடர வேண்டும். வேலையாளும் முதலாளியும் ஒருவரே என்றாலும், குறையைக் கேட்க இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும்.

ஏழாவது, வெளிநாட்டுத் தோழர்கள். எங்களோடு ஒரே லைனில் நிற்கும் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், மியன்மார்க்காரர் ஆகியோரின் பெர்மிட் முதலாளியின் பெயரில் இருக்கிறது. கம்பெனி மூடினால் அவர்கள் சம்பளத்தோடு சட்டபூர்வமாகத் தங்கும் நிலையையும் சேர்த்து இழக்கிறார்கள். பெர்மிட்டை அப்படியே கூட்டுறவின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அவர்களுடைய பாக்கிச் சம்பளம் எங்கள் பாக்கிக்குச் சமமாகக் கணக்கிடப்பட வேண்டும். அவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டு நாங்கள் முதலாளிகளாகும் திட்டம் எதிலும் நாங்கள் கையெழுத்திட மாட்டோம்.

எட்டாவது, உள்ளூர் அதிகாரம். மாநகர் மன்றம் பழைய கம்பெனியின் தொழில் உரிமத்தை 14 நாளில் கூட்டுறவின் பெயருக்கு மாற்றித் தரட்டும். கூட்டுறவு ஆணையம் பதிவையும் அதே கெடுவில் முடிக்கட்டும். ஒரு தொழிற்சாலை மூடிய ஐந்து ஆண்டுக்குள் அந்த நிலத்தை வீடமைப்புக்கு மாற்றக் கேட்டால், வேலையாட்களின் பாக்கி முழுவதும் தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் மாநில அரசு அனுமதிக்கக் கூடாது. இந்த ஒரு விதி மட்டும் இருந்தால்கூடப் பல கம்பெனிகள் நொடிக்காமலே இருக்கும் என்று நம்புகிறோம். பாரங்கள், கணக்குப் பயிற்சி, கூட்டக் குறிப்பு எல்லாம் மலாயோடு தமிழிலும் வேலையாட்கள் பேசும் பிற மொழிகளிலும் வேண்டும்.

எங்கள் பக்கம்

எல்லாக் கம்பெனியையும் தூக்கி நிறுத்த முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. பொருளுக்குச் சந்தையே இல்லையென்றால் யார் எடுத்தாலும் ஓடாது. அதனால், அவகாசத்தின் முதல் 30 நாளில் வெளியாள் ஒருவர் கணக்குப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்லட்டும். தேறாது என்றால் வீணாக இழுக்க மாட்டோம். தேறும் என்றால், எங்களால் முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். வேல்ஸில் 1994இல் மூடப்பட்ட டவர் நிலக்கரிச் சுரங்கத்தை 239 தொழிலாளிகள் தங்கள் இழப்பீட்டிலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கினார்கள். 1995 முதல் 2008இல் நிலக்கரி தீரும்வரை ஓட்டினார்கள். இந்தியாவில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் 1957இல் பரிமாறுபவர்கள் கூட்டுறவு அமைத்தார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் பல ஊர்களில் நடக்கிறது.

கூட்டுறவு என்றாலே நம் வீடுகளில் ஓர் அச்சம் உண்டு, அது நியாயமானதும்கூட. 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. ஆகவே நாங்கள் சிலவற்றை வாக்காகத் தருகிறோம். வெளியாரிடம் வைப்புத்தொகை வாங்க மாட்டோம். மாதக் கணக்கை வேலைத்தளச் சுவரில் ஒட்டுவோம். அதிகபட்சச் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்கைத் தாண்டாது. வாரிய உறுப்பினரின் குடும்பத்தார் யாரையும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலைக்கு எடுக்க மாட்டோம். லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அடுத்து மூடும் பட்டறையின் தோழர்களுக்குக் கடனாகக் கொடுப்போம்.

உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சேமநிதி அறிக்கை, சொக்சோ பதிவு எல்லாவற்றையும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் லைனில் உள்ள இயந்திரங்களின் பெயரையும் வயதையும் எழுதி வையுங்கள். சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனாலே ஒன்றுகூடிப் பேசுங்கள், இரண்டாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

அமைச்சுகளும் ஆணையமும் மாநில அரசும் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்கிறோம். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எந்தச் சட்டத்தை எப்போது திருத்துவீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பூச்சோங்கில் பொதுக்கூட்டம் கூட்டி வாசித்து, அடுத்து என்ன செய்வது என்பதை அங்கே கைதூக்கி முடிவெடுப்போம்.